சும்மா ஓடும் ஓட்டம்

தமிழில் ‘சும்மா’ என்னும் சொல் படும் பாடு கொஞ்சமன்று. வேலையில்லாதவனைச் சும்மா இருக்கிறான் என்கிறோம். காசு கொடுக்காமல் பெற்ற பொருளைச் சும்மா கிடைத்தது என்கிறோம். ஆசை அடங்கிய ஞானி எய்தும் நிலைக்கும் நம் பெரியோர் இதே சொல்லைத்தான் ஆண்டனர். இவற்றுள் முதற்பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றை மறந்துவிடுவோர் எங்கும் உளர். மோட்டார்ப் பட்டறைகளிலும் உளர்.

சாலை விளக்கு சிவக்கிறது. கார் நிற்கிறது, அதன் இயந்திரம் நிற்பதில்லை. ஓட்டுநரின் வலக்கால் எண்ணெய் மிதியின் மேல் இல்லை. சக்கரம் உருளவில்லை. ஆயினும் முன்மூடிக்கு அடியில் ஒரு முணுமுணுப்பு மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இயந்திரம் சும்மா ஓடுகிறது. பட்டறை வழக்கில் இதற்கு ‘ஐடலிங்’ என்று பெயர். ‘வெற்றோட்டம்’ என்று தமிழில் வழங்கலாம். பெயரில்தான் வெறுமை உண்டே தவிர, இயந்திரத்துக்கு இதைவிடத் தொல்லையான வேலை வேறில்லை.

நான்கு உருளைகள் கொண்ட சாதாரணக் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெற்றோட்டத்தில் அது நிமிடத்துக்குச் சுமார் 750 சுற்றுச் சுற்றுகிறது. சுற்றுக்கு இரண்டு வெடிப்பு எனக் கணக்கிட்டால், நொடிக்கு 25 வெடிப்புகள். ஒவ்வொரு வெடிப்பும் அடுத்த வெடிப்பு வரும்வரை இயந்திரத்தைத் தள்ளிவிட வேண்டும். அதற்கு மேல் தள்ளவும் கூடாது. வேகமாக ஓடும்போது சுழல்சக்கரத்தில் சேர்ந்திருக்கும் விசை ஒரு வெடிப்புத் தவறினாலும் தாங்கிக்கொள்ளும். வெற்றோட்டத்திலோ அப்படிச் சேமிப்பு ஏதுமில்லை. அன்றாடம் காய்ச்சியின் குடும்பம் போல, அன்றைய வரவு அன்றைய செலவுக்கே சரி. இந்நிலையில் குளிர்சாதனத்தை முடுக்கினால் அதன் அமுக்கி இயந்திரத்தின் கழுத்தில் ஏறி உட்காருகிறது. ரேடியேட்டர் விசிறி சுழலத் தொடங்கினால் மின்னாக்கி தன் பங்கைக் கேட்கிறது. நின்ற இடத்தில் சுக்கானைத் திருப்பினால் எண்ணெய்ப் பம்பு இழுக்கிறது. காலையில் எண்ணெய் தடித்துக் கிடப்பதால் உராய்வும் மிகுதி. இத்தனைக்கும் இடையில் முணுமுணுப்பு மாறாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

எப்படி மாறாமல் இருக்கிறது? எண்ணெய் மிதியை அழுத்தும்போது திறப்பது பெட்ரோல் அன்று, காற்று. காற்று புகும் வாயிலில் ஒரு வட்டத் தட்டு உண்டு. பட்டறையில் அதை த்ரோட்டல் என்பர். கால் எடுத்ததும் தட்டு மூடிக்கொள்கிறது. மூடிய கதவுக்குப் பக்கத்தில் ஒரு சன்னல் போல, தட்டைச் சுற்றிச் செல்லும் சிறு காற்று வழிகள் சில இருக்கின்றன. 1990-களின் கார்கள் பலவற்றில் இவ்வழிகள் மூன்று. ஒன்று, திருகாணியால் கூட்டிக் குறைக்கும் நிலையான வழி. இரண்டாவது, மெழுகு வால்வு. இயந்திரத்தின் குளிர்விப்பு நீர் இதனருகே ஓடுகிறது. நீர் குளிர்ந்திருக்கும்போது மெழுகு சுருங்கி வழி திறக்கும், சூடேறினால் மெழுகு விரிந்து வழி மூடும். மூன்றாவது, ஒரு சிறு மின்மோட்டார். காரின் கணினி சொல்வதற்கேற்ப இம்மோட்டார் ஓர் ஊசியைப் படிப்படியாக நீட்டியும் உள்ளிழுத்தும் காற்றை அளக்கிறது. குளிர்சாதனம் முடுக்கப்பட்டதா? ஊசி சற்றே பின்வாங்குகிறது. ஓட்டுநர் திடீரெனக் காலை எடுத்துவிட்டாரா? விழுகின்ற வேகத்தை ஊசி கைகொடுத்துப் பிடிக்கிறது. இவை யாவும் நடப்பது ஓட்டுநருக்குத் தெரியாது. தெரியாமல் நடப்பதே இதன் சிறப்பு.

இக்கருத்து புதிதன்று. இயந்திரம் தன் வேகத்தைத் தானே காத்துக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணத்தைக் காற்றாலைகளிலிருந்து எடுத்து, 1788-இல் நீராவி எந்திரத்தில் பொருத்தியவர் ஜேம்ஸ் வாட். இரண்டு இரும்புக் குண்டுகள் சுழலும். வேகம் மிகுந்தால் அவை விரிந்து நீராவியைக் குறைக்கும். வேகம் குறைந்தால் சேர்ந்து நீராவியைக் கூட்டும். 1868-இல் இயற்பியல் அறிஞர் மாக்ஸ்வெல் இக்கருவியைப் பற்றி ஒரு கணக்கியல் கட்டுரையே எழுதினார். இன்று விண்கலம்வரை ஆளும் கட்டுப்பாட்டு இயலின் முன்னோடி நூல்களுள் அதுவும் ஒன்று. ஆங்கிலேயர் அக்கருவிக்குக் ‘கவர்னர்’ என்று பெயரிட்டனர்.

அப்பெயர் பேரா மாநிலத்துத் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது. ரப்பர்த் தோட்டத்து ஆலைகளில் பால்தகடு உருட்டும் பொறிகளையும் மின்னாக்கிகளையும் டீசல் எஞ்சின்கள் ஓட்டின. அவை ஒவ்வொன்றிலும் ஒரு கவர்னர் உண்டு. சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் எஞ்சின் ஓட்டியாக இருந்த ஒருவர், நாட்டை ஆளும் கவர்னர் ஊருக்குப் போனாலும் போகலாம், எஞ்சின் கவர்னர் ஒரு நாளும் போகக்கூடாது என்று வேடிக்கையாகச் சொல்வாராம். அவருடைய மகன்தான் இன்று ஈப்போவில், புந்தோங்குக்கு அப்பால், தகரக் கூரையிட்ட ஒரு பட்டறையை நடத்தி வருகிறார். வயது எழுபதை நெருங்குகிறது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கேட்பவர்.

காருக்கும் பேரா தமிழருக்கும் உள்ள உறவு பட்டறையில் தொடங்கியதன்று. 1877-இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று எனக் காட்டப்படும் முதுமரம் இன்றும் அவ்வூரில் நிற்கிறது. அம்மரத்தை முதலில் எவரும் பெரிதாக மதித்திலர். 1888-இல் டன்லப் காற்றடைத்த சக்கரத்தைச் செய்தார். 1908-இல் ஃபோர்டு நிறுவனம் எளியோர் வாங்கத்தக்க காரை வெளியிட்டது. அக்காலத்தில்தான் காடுகள் அழிந்து தோட்டங்கள் ஆயின. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கப்பல் கப்பலாக மக்கள் வந்தனர். அவர்கள் பனியில் நனைந்து வெட்டிய பால் உலகத்தின் கார்களுக்குச் சக்கரமாயிற்று. கார் ஓட்டும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. பெரிய துரையின் கார் செம்மண் சாலையில் வரும்போது ஒதுங்கி நின்றவர்கள் அவர்கள். ஆகவே அவர்களின் பேரன் ஒருவன் தன் காரின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, இதில் எதைக் கழற்றலாம் என்று யோசிக்கிறான் என்றால், அதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது.

அப்படிப்பட்ட இளைஞன் ஒருவன் அப்பட்டறைக்கு வந்தான். தாப்பாவுக்கு அருகில் இருந்த தோட்டம் செம்பனைக்கு மாறியபோது ஈப்போவுக்குக் குடிபெயர்ந்த குடும்பம். தந்தை இல்லை. தொழிற்சாலையில் தொழில்நுட்ப உதவியாளன் வேலை. நான்கு ஆண்டுச் சேமிப்பில் அவன் வாங்கியது ஒரு பழைய புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. 1990-களின் இறுதியில் வெளிவந்த அக்கார் இந்நாட்டு இளைஞர்களிடையே பெற்ற மதிப்பை இன்றைய மாணவர் அறியார். மிட்சுபிஷி வழிவந்த 1834 கன சென்டிமீட்டர் இயந்திரம், சுமார் 140 குதிரைத்திறன், சிறிய உடல். அதன் நடைக்கு மெருகேற்றியது இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம். 1996-இல் அந்நிறுவனத்தின் பெரும்பங்கைப் புரோட்டோனே வாங்கியிருந்தது. லோட்டஸைத் தோற்றுவித்த கோலின் சாப்மன், பந்தயக் காரின் வேகம் அதில் சேர்ப்பதில் இல்லை, அதிலிருந்து எடுப்பதில் இருக்கிறது என்னும் கொள்கையுடையவர். பேராவின் தென்கோடியிலுள்ள தஞ்சோங் மாலிமில் புரோட்டோனின் பெரிய தொழிற்சாலை அமைந்தபின் அக்கொள்கையும் இம்மாநிலத்துக்கு ஏதோ ஒரு வகையில் சொந்தமாகிவிட்டது எனலாம்.

இளைஞனுக்கு அக்கொள்கையில் ஆழ்ந்த பற்று. அவ்வப்போது சிப்பாங் பந்தயத் தடத்தில் பொதுமக்கள் தத்தம் காரை ஓட்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைக்கும். 1968 முதல் ஷா ஆலாமில் இருந்த பத்து தீகா தடம் மறைந்துபோன பின்பு, இந்நாட்டில் பந்தய ஆசை கொண்டோர்க்குச் சிப்பாங்கே கோவில். 1999-இல் திறக்கப்பட்ட தடம், 5.543 கிலோமீட்டர் நீளம், பதினைந்து வளைவுகள். அங்குப் போகும் காரின் இயந்திர அறை துடைத்து வைத்த சமையலறை போல் இருக்க வேண்டும் என்பது அவன் விருப்பம்.

விருப்பத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மெழுகு வால்வுக்குப் போகும் நீர்க்குழாய்கள் விரல் பருமனான ரப்பர்க் குழாய்கள். இருபதாண்டு வெப்பத்தில் அவை வெடிப்பு விட்டிருக்கும். தடத்தில் உச்ச வேகத்தில் அவற்றுள் ஒன்று கிழிந்தால் நீர் முழுதும் கொட்டி இயந்திரம் வெந்துவிடும். பின்னால் வருபவரின் சக்கரம் அந்நீரில் வழுக்கும். காற்றுக் குழாய்களில் ஊசிமுனைத் துளை விழுந்தாலும் இயந்திரம் தடுமாறும். பத்துக் குழாய் இருந்தால் பத்தையும் சோதிக்க வேண்டும். குறைவாக இருந்தால் பழுதும் குறைவு, தேடுவதும் எளிது. எடை குறையும் என்று சிலர் சொல்வது மட்டும் வீண்பேச்சு. கழற்றும் பொருள்கள் அனைத்தையும் சேர்த்தால் ஒரு வேளைச் சோற்றின் எடை வராது. வேகம் கூடும் என்பதும் அவ்வாறே. மிதியை முழுதும் அழுத்தியிருக்கும்போது தட்டு அகலத் திறந்திருக்கிறது. அந்நேரத்தில் சன்னல் திறந்தால் என்ன, மூடினால் என்ன?

நோன்புப் பெருநாள் விடுமுறையில் அவன் தானே வேலையைத் தொடங்கினான். மெழுகு வால்வு, அதன் நீர்க்குழாய்கள், ஊசி மோட்டார், அதற்குரிய குழாய் யாவற்றையும் கழற்றினான். துளைகளை அலுமினியத் தகடு வெட்டி அடைத்தான். தட்டு முழுதும் மூடாதபடி திருகாணியை உள்ளே செலுத்தி, வெற்றோட்டத்தை 1100 சுற்றில் நிறுத்தினான். வேலை சுத்தமாக இருந்தது என்பதைப் பின்னர் பெரியவரே ஒப்புக்கொண்டார்.

சிப்பாங்குக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் குறையேதும் தெரியவில்லை. தடத்திலும் முதல் ஐந்து சுற்றுகள் நன்றாகவே கழிந்தன. இளைப்பாறுவதற்காகத் தடத்தை விட்டு வெளியேறும் வழியில் திரும்பும்போது, கிளட்சை அழுத்திக் காலை எடுத்தான். 6000 சுற்றிலிருந்த வேகம் சரசரவென இறங்கியது. அதே நொடியில் ரேடியேட்டர் விசிறியும் முடுக்கிக்கொண்டது. இறங்கிய வேகத்தைப் பிடிக்க ஊசி இல்லை. இயந்திரம் நின்றது. நின்றதும் சுக்கான் கல்லாகக் கனத்தது. பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிடம் இயந்திரம் நின்ற பின் ஓரிரு அழுத்தத்துக்கே தாங்கும். வளைவில் பாதி திரும்பிய கார், பின்னால் இன்னொரு கார். முட்டவில்லை. எவருக்கும் எதுவும் நேரவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் அவன் கதவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தான்.

அவன் அஞ்சியது அந்த ஒரு நொடிக்காக மட்டுமன்று. அக்கார்தான் வீட்டுக்கும் கார். வாரம் மும்முறை விடியற்காலையில் தாயாரைச் சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இயந்திரம் குளிர்ந்திருக்கும் அவ்வேளையில் 1100 சுற்று 500 ஆகி அணைந்துவிடும். ஐந்து நிமிடமாவது மிதியின் மேல் கால் வைத்துக் காத்திருக்க வேண்டும். தாயாரை வாயிலிலிருந்து கைத்தாங்கலாக அழைத்து வர வேண்டிய கால் அங்கே எண்ணெய் மிதியில் மாட்டிக்கொண்டிருந்தது. தாயாருக்கோ புழுக்கம் ஆகாது. குளிர்சாதனத்தை முடுக்கினால் சாலை விளக்குக்கு விளக்கு கார் குலுங்கி அணையும். “என்னப்பா, பஸ்ஸிலேயே போயிடலாமா?” என்று அந்த அம்மாள் ஒருநாள் கேட்டாராம். அதன் பின்னரே அவன் பட்டறைக்கு வந்தான்.

பெரியவர் காரைச் சுற்றி வரவில்லை. முன்மூடியைத் திறக்கச் சொன்னார். சிறிது நேரம் கேட்டார். பின்னர்,

“இது பந்தயக் காடியா, வீட்டுக் காடியா தம்பி?” என்றார்.

“ரெண்டும்தான் மாமா.”

“அப்போ ஏன் ஒரு ஆளுக்கு மட்டும் வேலை நிறுத்தம் கொடுத்தே?”

இளைஞன் தன் வாதத்தைச் சொன்னான். அம்மோட்டார் பந்தயத்தின்போது ஒரு வேலையும் செய்வதில்லை, சும்மா கிடக்கிறது, சும்மா கிடப்பது எதற்கு?

பெரியவர் உடனே விடை சொல்லவில்லை. தேநீர் வரவழைத்தார். பிறகு பேசியது காரைப் பற்றியன்று, தாம் பிறந்த தோட்டத்தைப் பற்றி. 1950-களிலும் 60-களிலும் வெள்ளையர் நிறுவனங்கள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடியும் விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று அக்காலத்துச் செய்தித்தாள்கள் ஓயாமல் எழுதிய துயரம் அது. அத்துயரத்துக்கு மாற்றாகவே துன் சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டி, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார் என்பதை ஆசிரியர்கள் அறிவர். பெரியவரின் தோட்டம் அச்சங்கத்தின் கைக்குப் போகவில்லை. துண்டாடுவோர் கைக்குப் போயிற்று. புதிய முதலாளி கணக்கேட்டைப் பார்த்தார். பால் வெட்டுவோர் இத்தனை பேர், களை எடுப்போர் இத்தனை பேர். அவர்கள் உழைப்பு எடையில் தெரிந்தது. ஆயாக்கொட்டகையில் இரண்டு கிழவிகள் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் உழைப்பு எந்த எடையிலும் தெரியவில்லை. கொட்டகை மூடப்பட்டது.

“எங்கம்மா அஞ்சு மணிக்கெல்லாம் பெரட்டுக்குப் போயிடுவாங்க. தம்பி கைக்குழந்தை. அக்காதான் பார்த்துக்கிட்டாங்க. மூணாம் வகுப்போட நின்னாங்க” என்றார் பெரியவர். வேறொன்றும் சொல்லவில்லை. தேநீர்க் குவளையைக் கழுவி வைத்துவிட்டுத் திருப்புளியைத் தேடினார்.

துண்டாடப்பட்ட தோட்டத்துப் பள்ளிகளின் அக்கால வருகைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தவர்க்கு இத்தகைய அக்காமார் புதியவர் அல்லர். பெயருக்கு நேரே சில மாதம் வருகைக் குறி இருக்கும். பின்னர் வெற்றுக் கட்டங்கள். பின்னர் சிவப்பு மையால் ஒரு கோடு. ஆயாக்கொட்டகையின் செலவு கணக்கேட்டிலிருந்து மறைந்தது. தொட்டிலை ஆட்டுவது மறையவில்லை. அது எட்டு வயதுச் சிறுமியின் கைக்கு மாறியது. அதைப் போலவே ஊசி மோட்டார் செய்த வேலையும் இளைஞனின் வலக்காலுக்கு மாறியிருந்தது.

அப்படியானால் பந்தயக் கார்களில் இவற்றைக் கழற்றுவோர் எல்லாம் அறியாதவர்களா? இல்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவர்தன் என்பாரை இங்கே நினைவுகூர்வது தகும். சென்னைக்கு வடக்கே, உலகப் போரின்போது அமைந்த சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஓட்டியவர். ஓட்டியதோடு நில்லாமல் கார்களைக் கட்டியவர். இந்தியச் சாலைகளில் எங்கும் திரிந்த மாருதி 800-இன் சிறிய மூன்று உருளை இயந்திரத்தை எடுத்து, ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் காரைக் குறைந்த செலவில் அமைத்தார். ‘ஃபார்முலா மாருதி’ எனப்பட்ட அக்காரில் பயின்று வளர்ந்தவர்களுள் ஒருவரே நரேன் கார்த்திகேயன். இவர் 2005-இல் உலக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு சிப்பாங்கிலும் ஓட்டினார். கரிவர்தன் அதைக் காணவில்லை. 1995-இல் வானூர்தி விபத்தில் மறைந்தார். 2003-இல் கோவை செட்டிப்பாளையத்தில் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அத்தகைய ஒற்றை இருக்கைக் காரில் குளிர்சாதனம் இல்லை; சுக்கானுக்கு எண்ணெய்ப் பம்பு இல்லை. திடீரென்று ஏறும் சுமை இல்லாதபோது, அதைத் தாங்கும் ஊசிக்கும் தேவை இல்லை. புறப்படுமுன் இயந்திரத்தைச் சூடேற்றிக் கொடுக்கப் பணியாளர் நிற்பர். ஓட்டுபவரும் வளைவில் குதிகாலால் ஒன்றையும் முன்காலால் மற்றொன்றையும் மிதித்து வேகத்தை விழாமல் காக்கும் பயிற்சி பெற்றவர். வேலையை ஏற்க ஆள் இருக்கிறது. அதனால் கருவி போகலாம். அக்காரில் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வார் எவருமில்லை.

புதிய கார்களை வைத்திருப்போர்க்கு இவ்வழக்கே எழாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இப்போது மிதிக்கும் தட்டுக்கும் இடையே கம்பி இல்லை. தட்டையே மின்மோட்டார் திறந்து மூடுகிறது. வெற்றோட்டத்தைக் காப்பதும் அதே மோட்டார்தான். தனியே கழற்றுவதற்கு ஒன்றும் கிடையாது.

பெரியவர் செய்த வேலைக்கு வருவோம். கழற்றியவை அனைத்தையும் இளைஞன் ஒரு பையில் கொண்டு வந்திருந்தான். அவற்றை மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் என்ன வேலை என்று அவனையே சொல்லச் சொன்னார். முதலில் மெழுகு வால்வு. குளிர் நாட்டில் இயந்திரம் உறைநிலையில் கிடக்கும். அங்கே இவ்வால்வு இல்லாமல் முடியாது. ஈப்போவில் விடியற்காலைக் குளிரென்பது 23 பாகை. அந்தச் சிறு குறையை ஊசி மோட்டாரே சமாளிக்கும். நீர்க்குழாய் தட்டின் வீட்டைச் சூடாக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஈரக்காற்று தட்டருகே குளிர்ந்து பனிக்கட்டி படியாமல் தடுப்பது. பெட்ரோல் ஆவியாகும்போது குளிரும் பழைய கார்புரேட்டரில் வெப்ப நாட்டிலும் இவ்வாறு படிவதுண்டு. ஆனால் இவ்வகை இயந்திரத்தில் பெட்ரோல் தட்டைத் தாண்டி, உருளையின் வாயிலருகே தெளிக்கப்படுகிறது. ஆகவே இங்கே அவ்வச்சமும் இல்லை. மெழுகு வால்வும் நீர்க்குழாய்களும் போகட்டும் என்றார். இளைஞனுக்கு வியப்பு. எல்லாவற்றையும் திரும்ப மாட்டச் சொல்வார் என்றே அவன் எண்ணியிருந்தான்.

ஊசி மோட்டார் திரும்பியது. திரும்புமுன் அதன் முனையில் ஈயம் பூசியதுபோல் படிந்திருந்த கரியைப் பெரியவர் கழுவினார். கரி படிந்த ஊசி தன் இருக்கையில் சரியாக அமராது, வெற்றோட்டம் ஏறியிறங்கும், ஏறியிறங்கும் காரணத்தாலேயே பலர் அதைக் கழற்றி எறிகின்றனர் என்பது அவர் அனுபவம். அழுக்குக்குச் செய்ய வேண்டிய மருத்துவத்தைக் கருவிக்குச் செய்துவிடுகிறார்கள். புதிய கேஸ்கெட் வைத்து முடுக்கினார். தட்டின் திருகாணியைப் பழைய குறிவரை பின்னுக்கு இழுத்தார். கிராங்க் அறையின் ஆவியை உள்ளே இழுக்கும் குழாயையும் அடுத்த மாதம் கழற்ற எண்ணியிருப்பதாக இளைஞன் வாய்தவறிச் சொன்னபோது, அவர் கையிலிருந்த திருப்புளியை மேசைமேல் வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஆவிக்குப் போக வழியில்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எண்ணெய் காப்பு வளையங்களைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். தடத்தில் எண்ணெய் சிந்துவது நீர் சிந்துவதைவிடக் கொடிது. அப்பேச்சு அத்துடன் நின்றது.

இயந்திரத்தை முடுக்கினார்கள். 1300 வரை சென்று, மெல்ல இறங்கி, 800-க்குச் சற்றுக் கீழே நின்றது. குளிர்சாதனத்தை முடுக்கினான். ஒரு சிறு தாழ்வு; உடனே நிமிர்ந்தது. விளக்குகள், விசிறி, சுக்கான் என எல்லாச் சுமையையும் ஏற்றிப் பார்த்தான். பெரியவர் முள்ளைப் பார்க்கவில்லை. காரின் முன்னே குந்தியிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

இயந்திர அறை அவன் விரும்பியதைப் போல் துடைத்து வைத்த சமையலறையாக இல்லைதான். ஆயினும் முன்பிருந்ததைவிட இரண்டு நீர்க்குழாய்கள் குறைவு. சிப்பாங்கில் எது கிழியும் என்று அஞ்சினானோ அது இப்போது அங்கே இல்லை. மறுவாரம் கேமரன் மலைக்குச் சிம்பாங் பூலாய் வழியாக ஏறி, இரவு முழுதும் பனியில் நிறுத்தி வைத்து, காலை 16 பாகைக் குளிரில் முடுக்கிப் பார்த்தானாம். சற்று முனகிவிட்டு ஓடியது என்று தொலைபேசியில் சொன்னான். எத்தனை நொடி முனகியது என்று பெரியவர் கேட்டார்.

கழற்றிய மெழுகு வால்வை அவர் எறியவில்லை. பழைய மைலோ டின் ஒன்றில் போட்டு, காரின் பதிவெண்ணைச் சீட்டில் எழுதி ஒட்டினார். விற்கும் காலத்தில் வாங்குபவர் கேட்பார் என்றார். கூலி எழுபது வெள்ளி. இளைஞன் நூறு வெள்ளித் தாளை நீட்டி, மீதி வேண்டாம் என்றான். அம்மாவுக்குப் பழம் வாங்கிப் போ என்று முப்பது வெள்ளியை அவன் சட்டைப் பையில் செருகிவிட்டு, பெரியவர் அடுத்து நின்ற லாரிக்கு அடியில் புகுந்தார்.